காதோரத்து வெள்ளை

மேக்கப் அறைக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பல்புகளில் இரண்டு பியூஸ் போய்க் கிடக்கின்றன. காலைச் செய்திக்கு இன்னும் இருபது நிமிடம். செய்தி வாசிக்கிறவள் கொட்டாவியை விழுங்கிவிட்டு, இருபத்தாறு வருஷமாகச் சாய்கிற அதே நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள். மேக்கப்காரர் சின்ன பிரஷ்ஷால் அவள் வகிட்டோரத்து நரையை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குகிறார். "அசையாதீங்கக்கா. ஒரு முடி வெள்ளையாத் தெரிஞ்சாலும் மேலேயிருந்து போன் வருது. என் தலைதான் உருளும்." மை நெற்றியில் சில்லென்று படுகிறது, அவள் அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் அவளோடு சேர்ந்து வாசிக்கிறவர், அவளைவிடப் பத்து வயசு இளையவர், டையை இறுக்கிக்கொண்டிருக்கிறார். தலை கருகருவென்றிருக்கிறது. மேக்கப்காரர் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து, வேறொரு டப்பாவைத் திறந்து, அவர் காதோரத்தில் வெள்ளையை லேசாகத் தீற்றுகிறார். "பார்க்கிறவங்க நம்பணுமாம் சார், கொஞ்சம் நரை இருந்தா நல்லதுன்னு சொல்லிட்டாங்க." "இன்னும் ரெண்டு இழுப்பு இழுங்கண்ணே, தப்பில்ல," என்கிறார் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி. அவள் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "டப்பா தீர்ந்துட்டா சொல்லுங்க. என்கிட்ட சொந்தமாவே நிறைய இருக்கு." மேக்கப்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பி, விட்டுப்போன ஒன்றைத் தேடிப்பிடித்துக் கறுப்பாக்குகிறார்.