வளரும் இயக்குநர்

“இன்னிக்குத் திரையைத் தூக்கியே ஆகணும்!”

“பைத்தியமா உனக்கு? ஒரே ஒரு வெளியாள் பார்த்தாலும் நாடகம் அரங்கேறினதா ஆயிடும். அப்புறம் நான் வளரும் இயக்குநர் இல்லை. வாரியம் தர்ற உதவித்தொகை அன்னிக்கே நின்னுடும்!”

“தலைக்குச் சாயம் பூசிக்கிட்டு இன்னும் எங்கே வளர்றீங்க?”

நவமணி மேடையைக் கைகாட்டினாள். கணவர் சபேசனின் நாடகத்துக்காக அவள் இந்த அரண்மனை செட்டைப் போட்டது கல்யாணமான புதிதில். கரையான் தின்னத் தின்னத் திரும்பத் திரும்பக் கட்டினாள். ஒரு ரசிகர்கூட அதைப் பார்த்ததில்லை.

“ராஜா வேஷக்காரர் போன மாசம் செத்தே போயிட்டாரு. ஒரு கைதட்டலாவது கேட்டாரா அந்த மனுஷன்?”

“முதல் காட்சியே இன்னும் கனியலைடி…”

அப்போது டீக்கடை குத்தூஸ் பாய் தூக்குவாளியோடு வந்தார். வழக்கம்போல வாசலிலேயே துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்தார். கண்ணைக் கட்டியவர் பார்வையாளர் ஆகமாட்டார் என்பது உதவித்தொகை வாரியத்தின் விதி. கூரையிலிருந்த வாரியத்தின் கேமராவும் அவரை இத்தனை வருஷமாக ஆளாகவே மதித்ததில்லை.

நவமணி அந்தத் துண்டை உருவி எறிந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சபேசன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரண்மனையை அண்ணாந்து பார்த்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, முன்வரிசை நாற்காலியின் தூசியைத் தட்டி உட்கார்ந்தார்.

“யம்மாடி, எவ்ளோ பெரிய அரண்மனை! இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்தது சும்மாவா? ஆரம்பிங்க சார், பார்ப்போம்.”