சர்வேயர் கொடுத்த மனு

"இந்த பாரை இழுத்து மூட வைக்கலைன்னா நான் சர்வேயரே இல்ல!"

ராத்திரி ஒரு மணிக்கு மாடி ஜன்னலில் நின்று கத்தினார் சர்வேயர். ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பேர்.

அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. கீழே பாரில் டிரம்ஸ் அதிர, ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து தாளம் போட்டது.

கட்டிலில் மனைவி. இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி ஒன்பது நாள். புரண்டு படுக்கக்கூட ஆள் துணை வேண்டும். கண்ணை மூடிக் கிடந்தாள்.

"இந்த இரைச்சல்ல எப்படித் தூங்குவா? நான் வருத்தப்படுவேன்னு கண்ணை மூடிட்டுக் கிடக்கா, பாவம்."

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வழக்கம்போல் நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். அவளைத் துணைக்கு வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் மனுக் கொடுத்தார். நாலு பக்கம். 'குடித்துக் கூத்தடிக்கும் கும்பல்', 'அடுத்தவர் கஷ்டம் அறியாத ஜென்மங்கள்' என்று மனசில் இருந்ததை எல்லாம் கொட்டியிருந்தார்.

திரும்பும் வழியில் பார் வாசல் காவலாளியையும் விடவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். தெருவே அவனை 'மலை' என்றுதான் கூப்பிடும்.

"மனு கொடுத்தாச்சு! உங்க ஆட்டமெல்லாம் இன்னும் நாலு நாளைக்குத்தான்!"

"எதுக்கு சார் மனு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உன்கிட்ட என்ன பேச்சு? விடிய விடிய ஆடறவங்களுக்கு அடுத்தவன் தூக்கத்தோட அருமை தெரியுமா?"

மலை மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

அதற்கு அடுத்த ராத்திரி, பாரில் பாட்டு தொடங்கும் ஒன்பது மணி அடித்தது. ஒன்பதரையும் ஆனது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சர்வேயருக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டு மாற்ற வந்திருந்த நர்ஸிடம் திரும்பினார்.

"பார்த்தியாம்மா, மனுன்னா மனு! இவளைக் கொஞ்சம் பார்த்துக்கோ, இன்ஸ்பெக்டருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

ஏழு வருஷமாக அங்கே குடியிருந்தும், ராத்திரியில் அந்தத் தெருவை அவர் நின்று பார்த்ததில்லை. கலர் கலராக விளக்குப் பலகைகள். கூட்டம் கூட்டமாகச் சிரிப்பு. ஒரு பெண் காலைக் கடித்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். அவளோடு வந்த தோழிகளும் செருப்பைக் கழற்றிக்கொண்டார்கள்.

"இதுங்களுக்கெல்லாம் வீடு வாசலே கிடையாதா!" தலையில் அடித்துக்கொண்டு நடந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் விழித்தார்.

"எனக்கு எதுக்கு சார் நன்றி? உங்க மனுவை இன்னும் பிரிக்கவே இல்லையே. ரெண்டு நாளா வெளி டியூட்டி."

"அப்ப பாரை மூடினது யாரு?"

"யார் மூடினது? இப்பத்தான் அந்த வழியா வந்தேன். உள்ளே எள் போட்டா எள் விழாது."

சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. நடையைக் கட்டினார்.

பார் வாசலுக்கு வந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜம்தான். அத்தனை பேரும் வியர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. சினிமாக் கொட்டகையில் ஸ்பீக்கர் பழுதான மாதிரி இருந்தது.

ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போன்!

"என்னப்பா இது கூத்து?"

மலை ஸ்டூலிலிருந்து எழுந்தான். "மாடி வீட்ல ராத்திரி தூக்கமே இல்லைன்னு நர்ஸக்கா சொன்னாங்க சார். நான் முதலாளிகிட்ட சொன்னேன். அவர் மைக்கைப் பிடிச்சு ஆட வந்த ஜனங்ககிட்டயே கேட்டுட்டார். அத்தனை பேரும் கையைத் தூக்கினாங்க. ஹெட்போனை வாடகைக்கு எடுத்தாச்சு. அம்மா எழுந்து நடக்கற வரைக்கும் இப்படித்தான்."

"என் மனுவுக்குப் பயந்தா?"

"அதை நான் முதலாளிகிட்ட சொல்லவே இல்ல சார். சொல்லியிருந்தா அவருக்குக் கோபம் வந்திருக்கும், காரியம் கெட்டிருக்கும்."

சர்வேயர் கண்ணாடிக்குள் இன்னொரு தடவை பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி அவரைப் பார்த்துக் கையசைத்தாள். யாரோ எவளோ.

"உங்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி எழுதிட்டேன்பா. இப்பவே போய் வாபஸ் வாங்கிடறேன். என் பொண்டாட்டி தூங்கணும்னு முன்பின் தெரியாத இத்தனை பேர்... அவ சார்பா உங்க எல்லாருக்கும்..."

கையெடுத்துக் கும்பிட்டார்.

மலை பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, அம்மா மாத்திரை போட்டுக்கிட்டா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்களாமே சார்! பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்லாம ஜன்னல்ல நிக்கறது நீங்கதான், நான் வாசல்லேர்ந்து தினம் பார்க்கறேனே... பாட்டை நிறுத்தினது நீங்க தூங்கறதுக்கு சார்."