ஐம்பதைத் தாண்டாத முள்

"முள்ளு அம்பதைத் தாண்டிச்சின்னா கல்யாணப் பேச்சே கிடையாது. புரியுதா தம்பி?"

போன வாரம் போட்ட நிபந்தனையைக் காரில் ஏறும்போது அமிர்தா மறுபடியும் சொன்னாள். மகள் மஹிமாவுக்கு அபிநந்தனைத்தான் பிடித்திருந்தது. அவனோ கார் பந்தயக்காரன். சாதாரணக் காரையே உள்ளே கழற்றி மாற்றி ஓட்டுகிற பந்தயம். போன வருஷம் குட்டிக்கரணம் போட்ட காரிலிருந்து தப்பி வந்தவன். பெற்ற வயிறு பயப்படாதா?

அவள் கணவர் நேமிசந்திரன் இன்னும் கறார். "உன் காரு வேணாம். அதுல இன்னா இன்னா மாத்தி வெச்சிருக்கியோ! எங்க காரையே ஓட்டு" என்று அன்றே சொல்லிவிட்டார்.

திருமலைச் சமணக் கோயிலில் அபிஷேகம் முடிய நேரமாகிவிட்டது. அந்த மதத்துக் குடும்பம்; பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். இருட்டுவதற்குள் ஆரணி போய்ச் சேராவிட்டால் விடியும்வரை பட்டினிதான்.

அமிர்தா முன் சீட்டில் அமர்ந்து, அபிஷேகத் தண்ணீர்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள். கண் மட்டும் ஸ்பீடு மீட்டர் முள்ளின் மேலேயே இருந்தது.

"அத்தை, பொழுது போய்கினே இருக்குது..." என்று இழுத்தான் அபிநந்தன்.

"போவட்டும். ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா உயிரா போயிடும்?" பின்சீட்டிலிருந்து அதட்டினார் நேமிசந்திரன். "அம்பதுன்னா அம்பதுதான்!"

கார் ஒரு பஸ்ஸை முந்தியது.

"இன்னா இது, பஸ்ஸு இப்படி ஊர்ந்துகினு போவுது?" என்றாள் அமிர்தா.

அபிநந்தன் ஒரு கணம் காதைத் தீட்டினான். பிறகு வழியெல்லாம் முள்ளை ஐம்பதிலேயே நிறுத்தி ஓட்டினான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மாடிச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது. சொம்பில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அமிர்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"பாத்தீங்களா? அம்பதுலயே வந்து வெளிச்சத்துல சாப்பிடப் போறோம். இந்தப் புள்ளையா அவசரக்காரன்? மஹிமா, மாப்பிள்ளைக்கு ஜல்தி எலையைப் போடு!"

குழாயடியில் கை கழுவும்போது அபிநந்தனுக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, உங்க வண்டி மீட்டர் கம்மியா காட்டுது. இன்ஜின் சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சி. நாம எம்பதுல வந்தோம். அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

நேமிசந்திரன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிக் கெடுத்துடாத மாப்ளே! நேத்து பூரா ஒர்க்‌ஷாப்புல நின்னு அதை மாத்திகினு வந்ததே நான்தான்."