சுவரில் ஒரு காலியிடம்

தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, நடுவே கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர்களை மேஸ்திரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். உள்ளே காலியிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்குப் பொள்ளலாகக் கேட்டது. தெர்மாகோலை அறுத்துப் பார்த்தால் கான்கிரீட் கல் மாதிரி இருந்தது. மறுநாள் அதே பொள்ளல் சமையலறைக்கு மாறியிருந்தது.

"என்ன மேஸ்திரி, வீட்டைச் சல்லடையாக்கிடுவீங்க போலிருக்கே?" என்றார் வீட்டுக்காரர்.

அன்று மாலை எல்லாச் சுவரும் கெட்டியாகவே ஒலித்தது. அப்பாடா என்று வீடு திரும்பியவர், கை சும்மா இராமல் தன் முன்னறைச் சுவரைத் தட்டினார். பொள்ளல். அதே ஆளுயரம்.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "யாரு தட்டுறது? கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க."

மேஸ்திரி சுவரில் காதை வைத்தார். மறுபடி தட்டினார். சுவர் கெட்டியாக இருந்தது; அழைத்ததும் உள்ளே வந்துவிட்டது போல.