சந்தா கட்டாத மருத்துவமனை

புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் அந்த மென்பொருளை எழுதியவர் அருளப்பன். அதை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். பழுது வந்தால் உதவும் உரிமையை மட்டும் ஒரு நிறுவனம் வாங்கி, அவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. அந்த நிறுவனத்துக்குச் சந்தா கட்டாதவர்களிடம் அவர் பழுதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

அன்று அரசு மருத்துவமனையில் அவருடைய மனைவி செலின் சிகிச்சை மேசையில் படுத்திருந்தாள். கணக்கு பாதியில் நின்றுவிட்டது.

"சந்தாவுக்கு அனுமதி கேட்டிருக்கோம் சார். மூணு வாரம் ஆகுமாம்," என்றாள் டெக்னீஷியன் சபூரா. "இதை எழுதினது நீங்கதானே?"

எந்த வரியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கணினிப் பக்கம் போகவில்லை.

செலின் தலையைத் திருப்பினாள். "சொன்னா வேலை போயிருமாங்க?"

"போயிரும்."

"அப்ப வீட்டுக்குப் போயிரலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அவர் கணினி முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினார். கணக்கு ஓடியது. அவருக்குப் பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

"பக்கத்து ஜில்லா ஆஸ்பத்திரியிலயும் இதே பழுதுதான் சார். ரெண்டு மாசமா மெஷின் நிக்குது," என்றாள் சபூரா. "அவங்களும் உதவி கேட்டு உங்க கம்பெனிக்கு எழுதினாங்களாம்."

"தெரியும்மா," என்றார் அருளப்பன். "முடியாதுன்னு பதில் போட்டது நான்தான்."