வான் பார்க்க வந்தவர்கள்

"அண்ணை, வான் இன்னும் பாக்கலாந்தானே? நாங்கள் பிந்திப்போகேல்லைத்தானே?"

கொழும்பிலிருந்து வந்த அழைப்பு. முரசுமோட்டை வீரகத்திக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. ஊரில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்த பிறகு அவருடைய வெள்ளை வானை வாடகைக்குக் கூப்பிட ஆளில்லை. பதினைந்து வருடம் பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி. விற்க அவருக்கு உள்ளூர மனமில்லைத்தான். ஆனால் தைப்பொங்கலுக்குள் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பது மனைவி விமலேஸ்வரியின் தீர்ப்பு. முகநூலில் விளம்பரம் போட்டதும் அவள்தான்.

"பாக்கலாம், பாக்கலாம். ஆனா கெதியா வாங்கோ தம்பி, கனபேர் கேட்டுக்கொண்டு இருக்கினம்" என்று கூசாமல் அளந்துவிட்டார்.

"என்ரை பேர் நிரஞ்சன். ஞாயிற்றுக்கிழமை மனிசியோட றெயின்ல வாறன். கதவெல்லாம் திறக்குதோ அண்ணை?"

"எல்லாக் கதவும் திறக்கும். ஒரு விரலால இழுத்தாக் காணும்."

மறுமுனை விழுந்து விழுந்து சிரித்தது. "நல்ல பகிடிக்காரன் நீங்கள். தண்ணி எப்பிடி?"

"இந்த மாரி மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வராது. வேணுமெண்டா எழுதித் தாறன்!"

சிரிப்பு நின்றது. "ஒரு சொட்டும் வராதோ? அப்ப சத்தம்?"

"சத்தமோ? பக்கத்தில நிண்டாலும் கேளாது."

மறுமுனையில் யாரோடோ குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு, "சரி, ரிக்கற் எடுத்தாச்சு. அங்கை வேற என்ன அண்ணை பாக்கலாம்? என்ன சாப்பிடலாம்?" என்று சுரத்தில்லாமல் கேட்டான் நிரஞ்சன்.

வண்டியை நெடுந்தூரம் ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறார்களாக்கும் என்று நினைத்தார் வீரகத்தி. "நான் ஸ்டேசனுக்கு வாறன். முழு நாளும் சுத்திக் காட்டுறன்."

ஞாயிறு காலை வானை இரண்டு தரம் கழுவி, சந்தனம் வைத்து, கிளிநொச்சி ஸ்டேசன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ரயிலில் வந்திறங்கிய இருவரிடமும் "எப்பிடி?" என்று அதன் முதுகில் தட்டினார்.

"வசதியாத்தான் இருக்கு" என்றபடி ஏறி உட்கார்ந்தாள் நிரஞ்சனின் மனைவி சுரேகா. அவ்வளவுதான்.

கந்தசாமி கோயிலைக் காட்டினார். சந்தைப் பக்கத்தில், தூறலுக்குள், சுடச்சுடப் பாலப்பம் வாங்கிக் கொடுத்தார். அப்படியே ஆனையிறவுவரை மிதித்தார். உப்பளமெல்லாம் வெள்ளம். குளிர்தேசங்களிலிருந்து வந்த பறவைகள் அதில் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. சுரேகா நூறு படமாவது எடுத்திருப்பாள். வானை ஒன்றுகூட எடுக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் விமலேஸ்வரியின் கைப்பக்குவத்தில் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டு, ஆவி பறக்க. மழைக்குளிருக்கு இருவரும் மூன்றாம் தரமும் வாங்கிக் குடித்தார்கள். விமலேஸ்வரி கணவனைக் குசினிக்குள் இழுத்தாள்.

"என்ன, விலையைப் பற்றி வாய் திறந்தவையோ?"

"எங்கை? எஞ்சின் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. பறவையைப் பாக்கினம், கூழைக் குடிக்கினம்."

"பிடிக்கேல்லைப் போல. சொல்லக் கூச்சப்படுகினம், பாவங்கள்."

விற்க மனமில்லாத மனிதருக்கே அது சுட்டது. என் வானில் அப்படி என்ன குறை? நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"தம்பி, வான் விசயத்தில உங்களுக்குத் திருப்தியில்லைப் போல?"

"அதை விடுங்கோ அண்ணை" என்றான் நிரஞ்சன் ஆறுதலாக. "உள்ளதை நீங்கள் ஃபோனிலேயே சொல்லிப்போட்டியள். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

வீரகத்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியாக ஒரு முயற்சி. "றெயினுக்கு நேரம் கிடக்கு. இரணைமடுக் குளக்கட்டு மேட்டில ஏத்திக் காட்டுறன், வாங்கோ." என்னதான் நடக்கிறதென்று பார்க்க விமலேஸ்வரியும் ஏறிக்கொண்டாள்.

குளத்தை நெருங்கும்போதே இரைச்சல் காதை அடைத்தது. வண்டி நிற்குமுன்னே சுரேகா குதித்து இறங்கினாள். திறந்து விட்டிருந்த கதவுகளால் வெள்ளம் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. கரையெல்லாம் திருவிழாக் கூட்டம். சிறிது நேரத்தில் முழுக்க நனைந்துபோய் ஓடி வந்த நிரஞ்சன் வீரகத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, நீங்கள் பெரிய கள்ளன்! ஒரு சொட்டுத் தண்ணி வராது, சத்தம் கேளாது எண்டு சொல்லிப்போட்டு, கடைசியாக் காட்டத்தானே ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? இந்த வானைப் பாக்கத்தானே கொழும்பிலயிருந்து வந்தனாங்கள்!"

குளம் நிரம்பினால் வெள்ளம் பாயும் இடத்துக்கும் வான் என்றுதான் பெயர். முரசுமோட்டையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் இரண்டு கிழமையாக வீரகத்தியின் தலைக்குள் ஓடியது ஒரே ஒரு வான்தான்.

"அடுத்த ஞாயிறு எங்கட ஃப்ளற்றில மூண்டு குடும்பம் வர நிக்குது. இதே வாகனம், அக்காவின்ரை இதே கூழ். காசு எவ்வளவெண்டு சொல்லுங்கோ, தாறம். ஓமோ?"

"ஓம், ஓம்" என்ற வீரகத்தி மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். "உந்த விளம்பரத்தில என்னப்பா எழுதினனீ?"

விமலேஸ்வரி ஃபோனை எடுத்து வாசித்தாள். "'கிளிநொச்சியில் வான். நேரில் வந்து பார்க்கலாம்.' ஐயோ, படமும் ஏறேல்லை, 'விற்பனைக்கு' எண்டு போடவும் மறந்துபோனன்! பொறுங்கோ, இப்பவே போடுறன்."

"கையை எடு!" என்று ஃபோனைப் பறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார் வீரகத்தி. "அதில ஒரு எழுத்தும் மாத்தாதை!"