மேசை விசிறி

காலையிலிருந்து கோமளவல்லி ஸ்டுடியோவில் வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டரின் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு படி ஏற்றினால் ஒரு மணி நேரம் அதை முழுமூச்சாக ஓடவிட்டு, திரையின் மூலையில் சூட்டைப் பார்க்க வேண்டும். எண்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. மூன்று நாள் காய்ச்சலில் அவளுக்குக் கண் எரிந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஸ்டுடியோவின் ஒரே மேசை விசிறி காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

முதலாளி சேதுராமன் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா? பதினாறு கல்யாண வீடியோ கெடக்கும்மா."

"எண்பத்தி மூணுல நிக்குது சார். இதுக்கு மேல தாங்காது."

"ஐயோ, அப்ப வேணாம். அதப் போட்டு வதைக்காத. ஒரு படி எறக்கியே வையி." பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். "காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேல்ல? அப்ப ஞாயித்துக்கிழமையும் வந்துரும்மா."

"சரி சார்."

அவள் எதையும் இறக்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்து வேர்வை மெல்ல ஆறியது. திரையின் மூலையில் எண்பத்து நான்கு. கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்து. எண்பத்தாறு.